என் ரொட்டியை நான் சாப்பிடுவதில்லை

பேப்பரில் தன் படம் வர வேண்டும் என்று ஆசைப்படாத மனுஷன் உண்டா? ரொட்டிக்காரருக்கும் அந்த ஆசை உள்ளூர இருந்தது. ஒரு சனிக்கிழமை ஆறாம் பக்கத்தில் அது நிறைவேறியது. தலையில் கட்டிய துண்டு, புருவமெல்லாம் மாவு, பின்னால் செங்கல் அடுப்பின் திறந்த வாய், முன்னால் அவருடைய திறந்த வாய். பல் அத்தனையும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்.

பேப்பரை முதலில் பிரித்தது அவர் மனைவி. கடையில் கல்லாவில் உட்காருவது அவள்தான் என்பதால் தெருவில் பெரியவர் சின்னவர் எல்லாருக்கும் அவள் கல்லாக்கா. ரொட்டி சுடுவது அவர் வேலை என்றால், சுட்டதை எண்ணுவது, அடுக்குவது, விற்பது, கடன் கேட்பவனை முகம் கோணாமல் திருப்பி அனுப்புவது எல்லாம் அவள் வேலை. படத்தைப் பார்த்து அவளுக்கும் பூரிப்புத்தான். படத்துக்கு மேலே கொட்டை எழுத்தில் இருந்ததைப் படித்ததும் பூரிப்பு பாதியில் நின்றது.

"என் ரொட்டியை நான் சாப்பிடுவதில்லை!"

அதற்குக் கீழே நாலு பத்தி. அடுப்பு எந்தக் காலத்தில் கட்டியது, எந்த மரத்து விறகு, மாவு எவ்வளவு நேரம் பொங்க வேண்டும் என்றெல்லாம் ஒழுங்காகவே எழுதியிருந்தார்கள். கடைசி வரி மட்டும் இப்படி இருந்தது: தினமும் இத்தனை ரொட்டி சுடும் இவர், 'என் ரொட்டியை நான் சாப்பிடுவதில்லை' என்கிறார் சிரித்தபடி. அதோடு முடிந்தது. அதன் கீழே செருப்புக் கடை விளம்பரம்.

"ஏங்க, இங்க வாங்க. இப்படியா சொன்னீங்க?"

ரொட்டிக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தார். "ஆமா, சொன்னேனே. படம் ஜோரா இருக்குல்ல?"

"படம் இருக்கட்டும். இதை மட்டுமா சொன்னீங்க?"

"அதெப்படி? 'என் ரொட்டியை நான் சாப்பிடறதில்லைங்க. மிஞ்சினாத்தானே சாப்பிட? வெயில் ஏறுறதுக்குள்ள தட்டு காலியாயிடுது. வாங்க வர்றவங்களுக்கே பத்தல, இதுல எங்க வாய்க்கு எங்க போறது'ன்னேன். நீயும் பக்கத்துலதான நின்னே. சிரிச்சியே!"

சிரித்தது வாஸ்தவம். அந்த வீட்டில் அது ஒரு பழக்கம். கடைக்காரன் வாய் கடைசி வாய் என்று மாமியார் காலத்திலிருந்தே சட்டம். வாங்க வந்தவன் ஒருத்தன் வெறும் கையோடு திரும்பினாலும் வீட்டில் யாரும் ரொட்டியைத் தொடக்கூடாது. கடைசி ஆளும் போன பிறகு ஏதாவது இருந்தால், வீட்டுக்கு வந்த விருந்தாளிக்கு, அப்புறம் பெண்களுக்கு, கடைசியில் அடுப்படியில் நிற்பவருக்கு. அவர் முறை வந்ததே கிடையாது. அந்தப் பெருமையைத்தான் மனுஷன் பேப்பர்காரனிடம் அளந்திருந்தார்.

"மிச்சம் எங்க?"

"செருப்புக் கடைக்குக் கீழ இருக்கும், பாரு."

கீழே எதுவும் இல்லை. பக்கத்தைத் திருப்பினால் ராசிபலன். அவர் ராசிக்கு அன்றைக்குச் சொல்வாக்கு ஓங்கும் என்று போட்டிருந்தது.

எதிர்க் கடைத் தையல்காரர்தான் தினமும் முதல் வாடிக்கை. கழுத்தில் அளவு டேப்போடு வந்து இரண்டு ரொட்டி வாங்கிக்கொண்டு, நாட்டு நடப்பை ஒரு தட்டு தட்டிவிட்டுப் போவார். அன்றைக்கும் வந்தார்.

"அண்ணே, பேப்பர் பார்த்தேன். படத்துல பத்து வயசு குறைஞ்சு தெரியறீங்க." கொஞ்ச நேரம் டேப்பை உருவிக்கொண்டு நின்றார். "ஆமா, ஏண்ணே சாப்பிடறதில்ல?"

"மிஞ்சறதில்லப்பா!"

"அதானே. மிஞ்சாதுதான்." தலையை ஆட்டினார். "அக்கா, இன்னிக்கு ஒண்ணு போதும். வீட்டுல ஆள் குறைவு."

அவர் வீட்டில் யாரும் எங்கும் போகவில்லை என்பது கல்லாக்காவுக்குத் தெரியும். ஜன்னலில் அவர் பெண்டாட்டி தலை வாரிக்கொண்டிருந்தது இங்கிருந்தே தெரிந்தது. ஒரு ரொட்டியைச் சுற்றிக் கொடுத்தாள்.

அதற்கப்புறம் தையல் கடையில் அது தினசரி வழக்காகிவிட்டது. தையல் மிஷின் ஓட ஓட வாயும் ஓடியது. ஓட்டல்காரன் ஓட்டலில் சாப்பிடமாட்டான், அது உலகத்துக்குத் தெரிந்ததுதான் என்றார் ஒருவர். இவர் வாய்விட்டே சொல்கிறார் என்றால் மனசாட்சி உறுத்தியிருக்க வேண்டும் என்றார் தையல்காரர். பேப்பர்காரன் இட்டுக்கட்டி எழுதியிருப்பான் என்று இன்னொருவர் பரிந்து பேசினார்.

"இட்டுக்கட்டினதா? 'ஆமா, சொன்னேன்'னு அவரே எங்கிட்டச் சொன்னாரேய்யா!" என்றார் தையல்காரர். அதற்கு மேல் யார் என்ன பேச முடியும்?

இந்த லட்சணத்தில் வீட்டுக்குள்ளேயே ஒருத்தி இருந்தாள். ரொட்டிக்காரரின் அக்கா, கல்லாக்காவுக்கு நாத்தனார். மாடி அறையில் அவளும் அவள் போனும் குடியிருந்தார்கள். உப்பில் கண்ணாடித் தூள் கலப்பது, மேகங்களை ஒரு கம்பெனி மொத்தமாக விலைபேசி முடித்தது, வீட்டு பல்பு வழியாக யாரோ ஒட்டுக் கேட்பது எல்லாம் அவளுக்கு உடனுக்குடன் தெரிந்துவிடும். பல்பின் மேல் ஒரு துணியைக் கட்டிவிட்டு அதன் அடியில் உட்கார்ந்துதான் போன் பார்ப்பாள். மற்றபடி நல்ல மனுஷி. தம்பி என்றால் உயிர்.

ஒரு நாள் காலையில், முந்தின நாள் மிஞ்சின ரொட்டியைத் தேநீரில் முக்கிக்கொண்டே படியிறங்கி வந்தாள்.

"இந்த அநியாயத்தைக் கேட்டியா? ஏதோ ஒரு ஊர்ல ரொட்டிக்காரன் ஒருத்தன், மாவுல என்னமோ கலக்குறானாம். அவனே ஒத்துக்கிட்டானாம். அவன் ஒரு வாய்கூடத் திங்க மாட்டானாம். அவன் பொண்டாட்டிக்கு ரொட்டி வெளியிலேர்ந்து வருதாம். எப்படிப்பட்ட பாவிங்க இருக்காங்க பாரு!"

கல்லாக்கா எண்ணிக்கொண்டிருந்த சில்லறையைக் கீழே வைத்தாள். "அண்ணி, இதை யாருக்காச்சும் அனுப்பிட்டீங்களா?"

"பின்னே? நாலு பேர் உயிர் பொழைக்கிற விஷயமாச்சே. தெரு குரூப்பு, சொந்தக்காரங்க குரூப்பு, கூடப் படிச்சவங்க குரூப்பு, எல்லாத்துக்கும் அனுப்பிட்டேன். ஒருத்தி அழுதுகிட்டே பேசினா."

"அண்ணி, அந்த ரொட்டிக்காரன் உங்க தம்பி."

நாத்தனார் போனைப் பார்த்தாள். கல்லாக்காவைப் பார்த்தாள். ஒரு நொடி யோசித்தாள். அப்புறம் கையிலிருந்த ரொட்டியை மெதுவாகத் தட்டில் வைத்தாள்.

அந்த ஒரு நொடியைக் கல்லாக்காவால் வெகு நாள் மன்னிக்க முடியவில்லை.

ரொட்டிக் கடையில் ஒரு சங்கடம் உண்டு. வியாபாரம் பாதியானால் மாவைப் பாதியாக்கலாம், விறகைப் பாதியாக்க முடியாது. செங்கல் அடுப்புக்குப் பத்து ரொட்டியும் ஒன்றுதான், நூறு ரொட்டியும் ஒன்றுதான். ஒரே சூடு வேண்டும். சரி, கொஞ்ச நாள் அணைத்து வைக்கலாம் என்றால் அது அதைவிட மோசம். அந்தப் பழைய அடுப்பு ஆறினால் செங்கல் சுருங்கி விரிசல் விடும். மறுபடி மூட்டினால் கூரை இறங்கினாலும் இறங்கும். கல்லாக்கா அந்த வீட்டுக்கு மருமகளாக வந்த நாளிலிருந்து அது அணைந்ததே இல்லை. மாமியார் செத்த அன்றுகூடப் பக்கத்து வீட்டுக்காரர் வந்து விறகு தள்ளினார். அணைந்தால் புதிதாகக் கட்ட இவர்களுக்கு வக்கில்லை. ஆக, அடுப்பு அணைந்தால் கடை போச்சு, கடை போனால் பிழைப்பு போச்சு. பெரிய ஆஸ்பத்திரிக்குத் தினமும் காலையில் போகிற கூடை ரொட்டிதான் அந்த அடுப்புக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தது. அதுவாவது நிற்காமல் இருக்க வேண்டுமே என்று அவள் எல்லாத் தெய்வத்தையும் வேண்டிக்கொண்டாள்.

கடையில் ரொட்டி மிஞ்ச ஆரம்பித்தது. வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ரொட்டிக்காரர் தன் ரொட்டியை மூன்று வேளையும் சாப்பிட்டார். யாரும் அதைப் பேப்பரில் போடவில்லை.

"நல்லாத்தான்டி இருக்கு. இத்தனை நாள் தெரியாமப் போச்சே" என்றார் வாய் நிறைய.

அவருக்கு அப்படி ஒரு மனசு. அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அவரை அடுப்பில் தள்ளலாமா என்றும் தோன்றியது.

மூன்று பேர் எவ்வளவுதான் தின்ன முடியும்? அதிலும் நாத்தனார் தலைவலி என்று சொல்லிப் பாதி நாள் மாடியிலேயே இருந்துகொண்டாள். மழைக்காலம். காயவைத்து ரஸ்க் போடலாமென்றால் பூசணம் பூத்தது. ரொட்டிக்காரர் மிஞ்சியதைத் தெருமுனைக்குக் கொண்டுபோய் நாய்க்குப் போட்டார். நாய் ஒன்று தின்றது, இரண்டு தின்றது, வாலை ஆட்டிக்கொண்டு மூன்றாவதையும் தின்றது. நாலாவதை முகர்ந்து பார்த்துவிட்டு, வயிறு தரையில் இடிக்க ஒரு ஓரமாகப் போய்ப் படுத்தது.

அந்த நாலாவது ரொட்டியை யாரோ போனில் படம் பிடித்திருக்கிறார்கள். கீழே ரொட்டி, அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நாய். மறுநாள் பேப்பரில் அதைப் போட்டு அடியில் எழுதியிருந்தார்கள்: நாயும் சீண்டாத ரொட்டி?

கேள்விக்குறி போட்டிருந்தார்கள். நியாயத்துக்கு.

அன்று மத்தியானமே ஆஸ்பத்திரிச் சமையல்கூடத்து மேலாளர் போன் செய்தார். "எனக்கு உங்க மேல சந்தேகமே இல்லம்மா. எங்க வீட்டுலயே உங்க ரொட்டிதான். ஆனா நோயாளிங்க படத்தைக் காட்டிக் கேக்கறாங்க. அதிகாரிங்க வந்து பார்த்து முடிக்கட்டும். அதுவரைக்கும் கூடை வேண்டாம்."

ரொட்டிக்காரர் அடுப்பு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். மாவு பிசைகிற அந்தப் பெரிய கைகள் மடியில் சும்மா கிடந்தன. கல்லாக்காவுக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

"இருக்கிற விறகு எத்தனை நாள் வரும்?" என்றாள்.

"இந்த வாரம் ஓட்டலாம்."

பேட்டி எடுத்த நிருபர் அகப்பட்டது அதற்கு மறுநாள். வழுக்கை விழ ஆரம்பித்த மனுஷன், நனைந்த ஹெல்மெட்டைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு ரொட்டி வாங்கவே வந்தார். வெட்கம் இல்லாதவர் என்று சொல்ல முடியாது, வெட்கத்தோடுதான் வந்தார்.

"வாங்க. நாய் தின்ன மிச்சம் இருக்கு, சுத்தித் தரவா?" என்றாள் கல்லாக்கா.

"அக்கா, கோவப்படாதீங்க..."

"அந்த நாய் அன்னிக்கு எத்தனை ரொட்டி தின்னுச்சுன்னு கேட்டீங்களா?"

"கேட்டேன்க்கா. மூணு. எழுதியும் குடுத்தேன். 'மூன்று ரொட்டிகளைத் தின்ற பிறகு'ன்னு. இடமில்லைன்னு ஆபீஸ்ல எடுத்துட்டாங்க."

"நாலு வார்த்தைக்கு இடமில்ல?"

"அன்னிக்கு விளம்பரம் ஜாஸ்திக்கா. முதல்ல வந்ததும் அப்படித்தான். அண்ணன் சொன்னது முழுசையும் எழுதினேன். மிஞ்சறதில்ல, தட்டு காலி, எல்லாம். செருப்புக் கடைக்காரர் கடைசி நேரத்துல ரெண்டு அங்குலம் கூடக் கேட்டார். வரிக்கு இவ்வளவுன்னுதான் எனக்கே கூலி. வெட்டினா எனக்கும்தான் நட்டம்." கொஞ்சம் தைரியம் வந்து சேர்த்துக்கொண்டார். "ஆனா ஒண்ணு பாருங்க. நாங்க பொய்யா ஒரு எழுத்து எழுதலையே."

"பொய் எழுதியிருந்தீங்கன்னா நான் கும்பிட்டிருப்பேன்" என்றாள் கல்லாக்கா. "பொய்யின்னா பொய்யின்னு சொல்லிட்டுப் போயிடலாம். எதைக் கேட்டாலும் ஆமா ஆமான்னு தலையாட்ட வெச்சுட்டீங்களே! நானும்தான் ரொட்டியை வெட்டி விக்கிறேன். நடுவுல இருக்கறதை எடுத்துட்டு ரெண்டு ஓரத்தை மட்டும் கையில குடுத்தா, ரொட்டின்னு வாங்கிட்டுப் போவீங்களா நீங்க?"

நிருபர் ஒன்றுக்கு இரண்டாக வாங்கிக்கொண்டு போனார்.

சுகாதார அதிகாரிகள் வந்தார்கள். மாவைப் பார்த்தார்கள், தண்ணீரைப் பார்த்தார்கள், ரொட்டிக்காரரின் நகத்தைக்கூடப் பார்த்தார்கள். மாதிரி எடுத்துக்கொண்டு போனார்கள். பேப்பரில் அது பெரிதாக வந்தது: ரொட்டிக் கடையில் அதிகாரிகள் திடீர் சோதனை. இரண்டு நாள் கழித்து, எல்லாம் சுத்தம், ஒரு குறையும் இல்லை என்று முத்திரை குத்திய காகிதம் வந்தது. கல்லாக்காவே அதை நகல் எடுத்துப் பேப்பர் ஆபீசில் கொடுத்துவிட்டு வந்தாள். அன்று பார்த்து மழை பேய்மழையாகக் கொட்டி, ஒரு பாலம் உடைந்து, எல்லாப் பக்கத்தையும் மழையே அடைத்துக்கொண்டது. அதற்கடுத்த நாள் கேட்டால், சோதனை பழைய செய்தி என்றார்கள்.

காகிதத்தைக் கண்ணாடி போட்டுக் கடையில் மாட்டினாள். தையல்காரர் வந்து படித்தார்.

"சுத்தம்னு போட்டிருக்கு."

"ஆமா."

"ரொம்ப சீக்கிரம் குடுத்துட்டாங்களேக்கா" என்றார் யோசனையோடு.

விறகு தீரப் போகிற சமயத்தில் விடிகாலையில் கல்லாக்கா கடைக் கதவைத் திறந்தால் வெளியே கூட்டம். அடிக்கத்தான் வந்திருக்கிறார்கள் என்று முதலில் நினைத்தாள். பார்த்தால் வரிசை! குடையைப் பிடித்துக்கொண்டு, கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, தெருமுனை வரைக்கும் நின்றார்கள். முதலில் தையல்காரர்.

"நாலு குடுங்கக்கா. எனக்கு அன்னிக்கே தெரியும். அண்ணன் மேல நான் ஒரு வார்த்தை சொல்லியிருப்பேனா?" குரலைத் தாழ்த்தினார். "நீங்க பயப்படாதீங்க. தெரு மொத்தமும் உங்க பின்னால நிக்குது."

"எதுக்குப் பயப்படணும்?"

"வெளிய சொல்ல முடியாது, புரியுது புரியுது." கண்ணைச் சிமிட்டிவிட்டுப் போனார்.

தட்டு தட்டாக விற்றது. ரொட்டிக்காரர் மாவுக்குள்ளிருந்து தலையைத் தூக்கவில்லை. மத்தியானம் ஆஸ்பத்திரியிலிருந்தும் போன் வந்தது: நாளையிலிருந்து கூடை வரட்டும், நோயாளிகளே கேட்கிறார்கள்.

விஷயம் என்னவென்று சாயங்காலம்தான் வெளிவந்தது. நாத்தனார் படியிறங்கி வந்து, கட்டை விரலை நீவிவிட்டுக்கொண்டு, ஒரு ரொட்டியை எடுத்துத் தைரியமாகக் கடித்தாள்.

"எப்படி?" என்றாள்.

"அண்ணி, என்ன பண்ணினீங்க?"

"பாவத்துக்குப் பரிகாரம். என்னாலதானே ஊரெல்லாம் பரவுச்சு? நானே திருப்பிட்டேன்." போனை நீட்டினாள். சின்ன ரொட்டிக் கடையை ஒழிக்கப் பெரிய கம்பெனி சதி என்று ஆரம்பித்தது அது. பாக்கெட் ரொட்டிக் கம்பெனியின் வேன் இந்தத் தெருவுக்குள் வருகிறது. அந்தக் கம்பெனி விளம்பரம் அதே பேப்பரில் வருகிறது. ஏழை ரொட்டிக்காரர் படம் வந்த அதே வாரத்திலும் வந்தது. ஏன்? யோசியுங்கள். இருபது பேருக்கு அனுப்புங்கள்.

"அந்த வேன் வருஷக்கணக்கா வருதே அண்ணி. விளம்பரம் மாசா மாசம் வருது."

"வருதா இல்லையா?"

"வருது, ஆனா..."

"நான் பொய்யா ஒண்ணும் எழுதலையே" என்றாள் நாத்தனார்.

ரொட்டிக்காரருக்கு மனசு கேட்கவில்லை. "தப்பாச்சேக்கா அது. அந்தக் கம்பெனிக்காரனுக்கு நாம இருக்கறதே தெரியாது. நாளைக்கு வர்றவங்ககிட்ட சொல்லிடலாம்."

"சொல்லுடா, சொல்லு. சொல்லிட்டு அடுப்பை அணைச்சுட்டு மாடிக்கு வா, ரெண்டு பேரும் சேர்ந்து போன் பாப்போம்."

அவர் மனைவியைப் பார்த்தார். கல்லாக்கா அடுப்பைப் பார்த்தாள். புது விறகு உள்ளே சடசடத்துக்கொண்டிருந்தது.

"கொஞ்ச நாள் போகட்டும். அப்புறம் சொல்லிக்கலாம்" என்றாள்.

உள்ளதைச் சொன்னால், அன்றைக்கு அவள் நன்றாகத் தூங்கினாள். அதற்கடுத்த நாட்களிலும் தூங்கினாள். யாராவது 'பயப்படாதீங்க' என்று கையைப் பிடித்தால் மறுக்கவும் இல்லை, ஆமோதிக்கவும் இல்லை. ஒரு மாதிரி தலையைக் குனிந்துகொண்டு சில்லறையை எண்ணினாள். அந்தத் தலை குனிதலே நூறு சாட்சிக்குச் சமமாக ஊரில் பேசப்பட்டது.

பிறகு வேன் டிரைவர் வந்தான்.

பாக்கெட் ரொட்டி வேனை ஓட்டுகிறவன். இத்தனை வருஷமாகக் காலையில் தெருமுனையில் நிறுத்திவிட்டு, தேநீர் குடித்து, எதிரே வந்தால் 'என்னக்கா' என்று சிரித்துவிட்டுப் போவான். அன்றைக்கு முழங்கால் வரை சேறு. சட்டை தோளில் கிழிந்திருந்தது. வரிசையில் நின்றவர்கள் விலகி முறைக்க, நேராகக் கல்லாவுக்கு வந்தான்.

"அக்கா, நாலு டயர்லயும் காத்தை இறக்கிட்டாங்க. இது மூணாவது தடவை. இன்னிக்குக் கண்ணாடியையும் உடைச்சுட்டாங்க. தேநீர்க் கடையில ஒரு கிளாஸ் தண்ணிகூடக் குடுக்க மாட்டேங்கறாங்க. இந்த ரூட்டே வேண்டாம், நீயும் வேண்டாம்னு கம்பெனில சொல்லிட்டிருக்காங்க. எனக்கு வேற தொழில் தெரியாதுக்கா. நான் என்னக்கா பண்ணினேன் உங்களை?"

கல்லாக்காவுக்கு முகம் சுண்டிவிட்டது. மடியில் சும்மா கிடந்த அந்தப் பெரிய கைகள் ஞாபகம் வந்தன. இவனுக்கும் வீட்டில் அப்படிப் பார்த்துக்கொண்டிருக்க ஒருத்தி இருப்பாள். 'சீ, நானும் ஒரு மனுஷியா' என்று தோன்றியது.

"நீ ஒண்ணும் பண்ணலப்பா" என்றாள். எழுந்து ஸ்டூல் மேல் ஏறி நின்றாள். வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"எல்லாரும் கேட்டுக்குங்க. எந்தக் கம்பெனியும் எங்களை ஒண்ணும் செய்யல. யாரும் சதி பண்ணல. பேப்பர்ல எங்க வீட்டுக்காரர் சொன்னதுல பாதியை வெட்டிட்டாங்க, அவ்வளவுதான். அந்தச் சேதி எங்க வீட்டுலேர்ந்து கிளம்பினது. தெரிஞ்சும் நான் வாயை மூடிட்டிருந்தேன். என் தப்பு. இந்தப் பிள்ளை ஒரு பாவமும் அறியாதவன். யாரும் அவன் வண்டியைத் தொடாதீங்க."

தையல்காரர்தான் முதலில் பேசினார். பக்கத்திலிருந்தவரிடம் ரகசியம் போலச் சொன்னார், ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

"பார்த்தீங்களா? ஆளையே அனுப்பி, எதிர்ல நிக்க வெச்சு, எப்படிச் சொல்ல வெக்கிறாங்க பாருங்க."

"யாருங்க சொல்ல வெச்சாங்க? நானாத்தான் சொல்றேன்!" என்று கத்தினாள் கல்லாக்கா.

"பாவம், குரல் எப்படி நடுங்குது" என்றாள் வரிசையில் ஒருத்தி. "எனக்கு ரெண்டு அதிகமாக் குடுங்கக்கா."

ஆளுக்கு இரண்டு அதிகமாக வாங்கினார்கள். வாங்கின கையோடு டிரைவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்கள். வரிசையின் கடைசியில் நிருபர் நோட்டும் கையுமாக நின்றுகொண்டிருந்தார்.

"அக்கா, சொன்னது பூராவையும் எழுதிக்கிட்டேன். ஒரு சந்தேகம். உங்க கண்ணு ஏன் கலங்கியிருக்கு?"

"விறகு ஈரம். காலையிலேர்ந்து ஒரே புகை. புகைன்னு எழுதுங்க, தெரியுதா? புகை!"

"கட்டாயம் எழுதறேன்க்கா" என்றார் நிருபர். "இடம் இருந்தா."

அவள் டிரைவரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். ரொட்டிக்காரர் எல்லாவற்றையும் உள்ளிருந்தே கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு மாவு மூட்டையைத் தட்டி அவனை உட்கார வைத்தார்.

"நாளையிலேர்ந்து வண்டியை எங்க கடை வாசல்லயே நிறுத்துப்பா. எவன் தொடறான்னு பாத்துடறேன்" என்றாள் கல்லாக்கா.

"உங்க வாசல்லயா? கடையையே கம்பெனி வாங்கிடுச்சும்பாங்கக்கா" என்றான் அவன். சொல்லிவிட்டு அவனுக்கே சிரிப்பு வந்தது. கல்லாக்காவுக்கு வரவில்லை. அவன் சொல்வது நடக்கும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

"கம்பெனிக்கு நான் நேர்ல வந்து சொல்றேன். அங்கயாவது நம்புவாங்க" என்றார் ரொட்டிக்காரர். "முதல்ல சாப்பிடு. காலையிலேர்ந்து பட்டினி போலிருக்கே."

நீளக் கட்டையை அடுப்புக்குள் விட்டு ஒரு ரொட்டியை வெளியே இழுத்தார். மேல் தோல் வெடித்து, பிளந்த இடத்தில் ஆவி கிளம்பியது. அந்த வாசனைக்கே டிரைவரின் தொண்டை ஏறி இறங்கியது. ரொட்டிக்காரர் அதை இரண்டாகப் பிட்டு ஒரு பாதியை அவன் கையில் வைத்தார். அவன் ஊதினான். வாய்வரை கொண்டுபோனான். அங்கேயே நிறுத்தினான்.

வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டு, குரலை இறக்கினான்.

"தப்பா நினைச்சுக்காதீங்கக்கா. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். வெளிய யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். இதுல நிஜமா ஒண்ணும் கலக்கறதில்லையே?"

ரொட்டிக்காரர் கையில் மறுபாதியோடு அப்படியே நின்றார். கல்லாக்காவுக்குக் கோபம் தலைக்கேறியது. ஏறின வேகத்தில் இறங்கியும் போனது. இவனும் அந்தத் தெருவில்தானே நின்றான், இவனுக்கும்தானே ஒரு போன் இருக்கிறது? கேட்டதாவது நேராகக் கேட்டானே. அவளுக்கு அழுகையாக வந்தது, அந்த அழுகைக்குள்ளேயே சிரிப்பும் வந்தது, இரண்டையும் அடக்க முடியாமல் மாவு மூட்டை மேல் அவன் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

கணவர் கையிலிருந்த பாதியை வாங்கிப் பிட்டு, அவருக்கு ஒரு துண்டு கொடுத்துத் தானும் வாயில் போட்டுக்கொண்டாள். நாக்கு சுட்டது. மென்றாள். அவரும் மென்றார்.

அத்தனை பசியிலும், இரண்டு பேரும் விழுங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத்தான் அவன் முதல் வாய் வைத்தான்.